ஐந்தாம் வகுப்புக்கு இறங்கிய பாதப் பிரசுரம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் நலமும் வீட்டார் நலமும் விரும்பி எழுதுவது. நான் வீட்டில் நலம். தங்கள் தங்கை ஆஸ்பத்திரியில் பரவாயில்லை.

நேற்று போனில், "கால் புண்ணு இப்படி முத்துற வரைக்கும் வீட்ல என்ன மாப்ளே பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு எழுத்தில்தான் பதில் சொல்ல வரும்.

சுகாதாரப் பிரசுரங்கள் எத்தனையாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும் என்று நான்கு மொழிகளில் அளந்து சொல்வதுதான் என் உத்தியோகம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புப் பிரசுரம் சென்ற மாதம் வந்தது. மற்ற மூன்று மொழியிலும் ஐந்தாம் வகுப்பு. தமிழில் மட்டும் முனைவர் பட்டம் கேட்டது. வகுப்பைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு நீளமான சொல்லைக் கண்டாலே ஆகாது, நம் சொற்களோ ரயில் நீளம். மேலதிகாரி, "தமிழையும் அஞ்சாம் கிளாஸுக்கு இறக்குங்க" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் ஒன்பது நாள் உட்கார்ந்து, 'கவனித்துக்கொள்ளவேண்டும்' என்பதை மூன்றாக வெட்டி, எழுத்துகளை விரல்விட்டு எண்ணி, மறுபடி வெட்டி, கடைசியில ஒரு 'ஆகவே'யைத் தூக்கினதுக்கே அரை வகுப்பு இறங்கிச்சு மச்சான், சந்தோஷத்துல டீ ஆறிப்போனதுகூடத் தெரியல. சர்க்கரை உள்ள உங்க தங்கச்சிக்கும் ரெண்டாம் நாளே, வெட்டின வரைக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். ரெண்டு தரம் படிச்சா. புரிஞ்சுதான்னு கேட்டேன். "நல்லாவே புரிஞ்சுது"ன்னா. அதையும் அறிக்கையில சேர்த்துட்டேன்.

ஆக, பிரசுரத்தில் குறையில்லை. படித்தவர் அதன்படி நடக்காவிட்டால் அளந்தவன் என்ன செய்வான்? தவறு தங்கள் தங்கையுடையதே என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டைவிரலைக் காப்பாற்ற முடியுமா என்று நாளைக்குத்தான் டாக்டர் சொல்வார். எனக்கு ரொம்ப பயமா இருக்கு மச்சான்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கை கால் சுகத்தோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து பிரசுரத்தை எடுத்து நாலாவது வரியில் விரலை வைத்தாள்: 'தினமும் உள்ளங்காலை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள்.' ஐந்தே சொற்கள், நானே செதுக்கியது, அந்த வரி மட்டும் இரண்டாம் வகுப்பு. "தினமும் உங்க பக்கத்துல வந்து காலைத் தூக்கிக் காட்டினேனே. இரு, இருன்னு சொல்லிட்டு நிமிரவே இல்லையே நீங்க" என்றாள். உண்மைதான். மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க மச்சான். வீட்ல என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்டீங்களே, எண்ணிட்டிருந்தேன்.