ஒரு கன்ன வேகம்

ஹட்டன் டவுனில் ஒரிஜினலைப் பற்றிப் பேச ஒரே ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. அவர் சலூன் வைத்திருக்கும் ஒரிஜினல் அண்ணே. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பிளேடு ஒரிஜினல், பவுடர் ஒரிஜினல், வாசலில் படுத்திருக்கும் நாய்கூட ஒரிஜினல் என்பார். எதனுடைய ஒரிஜினல் என்று அந்த நாய்க்கே தெரியாது.

ஆனால் அவர் உயிராக வைத்திருந்த சீடி மட்டும் கொப்பி. டொஸ் காலத்துப் பழைய கொம்பியூட்டர் விளையாட்டுகள் அடங்கியது. மேலே பேனாவால் பெயர் எழுதியிருக்கும். "அண்ணே, இது கொப்பிதானே?" என்று கேட்ட ஒருவர் பாதி மீசையோடு பஸ் ஏறினார்.

அதில் ஒரு கார் ரேஸ் உண்டு. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஓட்டலாம். சலூன் மூலையில் இருந்த கிழட்டுக் கொம்பியூட்டரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணேயும் லொறி மாமாவும் மோதுவார்கள். மாமா, கினிகத்தேனை வளைவுகளில் தேயிலை லொறியை இறக்கிக் கொழும்புவரை ஓட்டி ரிட்டயரானவர். எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். "கத்தரிக்கோல் புடிக்கிற கைக்கு ஸ்டீயரிங் எதுக்குப்பா?" என்பார்.

பிறகு அந்தக் கொம்பியூட்டர் செத்தது. கொஞ்ச நாளில் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இடது கை சாவகாசமாக வேலை செய்தது. மனுஷன் தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். யாராவது பார்க்கப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அண்ணே போனபோது மட்டும் ஒன்று கேட்டாராம்.

"அந்தக் காரு இன்னும் ஓடுதா?"

"ஓடுதே மாமா! வந்து பாருங்க!" என்று அண்ணே வாயை விட்டுவிட்டார்.

அப்புறம்தான் கூத்து. புதிதாக வாங்கிய லெப்டொப்பில் சீடியைப் போட வாயே இல்லை. வயரில் தொங்கும் சீடிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தார். சீடியில் கீறல். அதற்குச் சவர நுரை பூசித் துடைத்தார். "மொகத்துக்கு ஒத்துக்கிறது சீடிக்கு ஒத்துக்காதா தம்பி?" என்று, சவரத்துக்கு வந்திருந்த என்னைக் கேட்டார். போட்டுப் பார்த்தால், இது இந்தக் கொம்பியூட்டரில் ஓடாது என்று திரையில் அறிவிப்பு.

"நேத்து வந்த நீ எனக்குச் சொல்றியா?" என்று லெப்டொப்போடு சண்டைக்குப் போனார்.

புதுக் கொம்பியூட்டரைப் பழசு மாதிரி நடிக்கவைக்கும் புரோகிராம் ஒன்றை நான் நெட்டில் தேடி எடுத்துக் கொடுத்தேன். கார் ஓடியது. ஓடியதா? பறந்தது! கிளம்பியது எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்குள் சுவரில் மோதிக் கிடந்தது.

"இந்தக் கீய அமுக்கினா வேகம் கொறையும்ணே. எவ்வளவு கொறைக்க?"

"ஒரிஜினல் வேகம் வேணும் தம்பி. மாமா ஒரே பார்வையில கண்டுபுடிச்சிருவாரு."

அது யாருக்கு ஞாபகம்? கேட்ட ஆளெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணே கண்ணை மூடி யோசித்தார். திடீரென்று கத்தினார்.

"ஒரு கன்னம்! சவரத்துக்கு ஆள் வந்துட்டா மாமா தனியா ஓட்டுவாரு. நான் ஒரு கன்னம் வழிக்கிறதுக்குள்ள மாமா ஒரு ரவுண்ட முடிச்சிருவாரு!"

அளவுகோல் என் கன்னம்தான். பக்கத்துக் கடைச் சிங்கள டெய்லர் மாத்தயா கீபோர்டில் உட்கார்ந்தார். ரவுண்டு முடிந்ததும் அவர் சிங்களத்தில் "ஹரி!", அதாவது சரி, என்று கத்த வேண்டும், அதே நேரம் கத்தி என் தாடையில் வந்து நிற்க வேண்டும். கூட்டினார்கள், குறைத்தார்கள், வழித்த இடத்தையே மறுபடி வழித்தார்கள். என் முகம் உரித்த வெங்காயமான பிறகு இரண்டும் பொருந்தின. அண்ணே கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மாமாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். மாமா இடது கையைக் கீபோர்டில் வைத்தார். அண்ணே, சரிபார்க்கவென்று என் முகத்தில் நுரையை அப்பினார். கார் முதல் வளைவிலேயே மோதியது. இரண்டாவது தடவையும் மோதியது. அதற்கப்புறமும் மோதியது.

மாமா கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "ஆட்டம் சரியாத்தான் இருக்குப்பா. கைதான் போச்சு. ஆட்டோவக் கூப்புடு."

அண்ணே சவரக்கத்தியோடு பாய்ந்தார். "இருங்க மாமா! உங்க கைக்கு என்னா? இந்தத் தம்பி கண்டதையும் அமுக்கி வச்சிருக்கான். இது ஒரிஜினல் வேகமே இல்ல!"

நான் நுரை வாயோடு ஆமென்று தலையை ஆட்டினேன். அண்ணே கீயை அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"இப்ப ஓட்டுங்க."

கார் கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. மாமாவின் விரல் ஒவ்வொரு வளைவாக அதைத் திருப்பியது. அண்ணே என் வலது கன்னத்தை முடித்தார். இடது கன்னத்தையும் முடித்தார். தாடை, கழுத்து, மீசை ஓரம் எல்லாம் முடிந்து, முகத்தைத் துடைத்துப் பவுடரும் போட்டாயிற்று. அப்போதுதான் கார் முடிவுக் கோட்டைத் தாண்டியது.

"இதான் மாமா ஒரிஜினல்," என்றார் அண்ணே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மாமா மெதுவாகத் திரும்பி, பளபளவென்று இருந்த என் முழு முகத்தையும் பார்த்தார். கோணிய உதட்டில் பாதிச் சிரிப்பு வந்தது.

"அப்பிடியா? அப்ப நீயும் வந்து ஒக்காரு. கத்தரிக்கோல் புடிக்கிற கை என்னா செய்யுதுன்னு பாப்போம்."

அன்றும் மாமாதான் ஜெயித்தார். அந்தச் சலூனில் இப்போதும் ஒரு ரவுண்டு முடிய ஒரு முழுச் சவரம் ஆகிறது. ஒரிஜினல் வேகம் எது என்று யாராவது கேட்டால், நானும் அதைத்தான் காட்டுகிறேன்.