காத்திருப்பு இசைக்குப் பொறுப்பானவர்

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, பதினேழு பேர் தொலைபேசியில் காத்திருந்த வேளையில், குடிநீர்க் குறைதீர் அலுவலகத்தின் இசை நின்றுபோனது. அந்த இசைக்குப் பொறுப்பானவர் பெயர் டிங்டாங். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் பயன்பட்டது.

அலுவலகத்துக்குப் போன் செய்தால் முதலில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு குரல் சொல்லும். பிறகு டிங், டாங், டிங்டிங் டாங் என்று ஒரு மெட்டு வரும். வந்துகொண்டே இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு மதிய இடைவேளையில், தன் கைப்பேசியில் இருந்த இசைச் செயலியின் வண்ணக் கட்டங்களைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி அவர் போட்ட மெட்டு அது. அன்றைய அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. கைப்பேசியை அலுவலகச் சொத்தாக்கி, அலமாரியில் வைத்து, தொலைபேசி ரிசீவரை அதன் வாயோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டினார்கள். அன்றிலிருந்து அது ஓயாமல் பாடியது.

இசையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. விதிப்படி, இசை கேட்டபடி காத்திருப்பவர் சேவை பெற்றுக்கொண்டிருப்பவர். இசையில்லாமல் காத்திருப்பவர் கவனிக்கப்படாதவர். அவருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

வினை, புதிதாக வந்த அதிகாரியின் உருவில் வந்தது. அவருக்குப் பழையது எதைக் கண்டாலும் உடம்பு அரிக்கும். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது மூச்சை இழுத்து விட வேண்டும் என்று சொல்லும் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். வந்த முதல் வெள்ளிக்கிழமையே சுற்றறிக்கை விட்டார்: "இவ்வலுவலகத்தின் சகல கருவிகளும் திங்கள் காலைக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கப்பட மறுக்கும் கருவிகள் மீதும் அவற்றின் பொறுப்பாளர்கள் மீதும் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

எல்லாம் புதுப்பிக்கப்பட்டன. சுவர்க் கடிகாரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்கள். கடைசியாக அலமாரிக் கைப்பேசி. அது ஒருமுறை அணைந்து, பளபளவென்று எழுந்து, செயலியைத் தொட்டதும் ஒரே ஒரு வாசகம் காட்டியது: "இந்தச் செயலி பழைய பதிப்புக்காகத் தயாரிக்கப்பட்டது."

அந்தப் பக்கம் காத்திருந்த பதினேழு பேரும் யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒரே நேரத்தில் ஹலோ என்றார்கள்.

"அண்ணே, எல்லாரும் பேசறாங்க" என்றாள் தொலைபேசிப் பிரிவில் இருந்த அக்கா. வயதில் டிங்டாங்கைவிடச் சின்னவள்தான். ஆனாலும் அலுவலகம் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

"என்ன பேசறாங்க?"

"தண்ணி வரலையாம்."

அந்த அறையில் அந்தச் செய்தி காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

டிங்டாங்குக்கு அது புதிதல்ல. அவர் வீட்டுக் குழாயே இருபது நாளாகக் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது. மனைவி தினமும் குடத்தோடு மூன்று மாடி ஏறி இறங்கினாள். "ஏங்க, அதே ஆபீஸ்லதானே குப்பை கொட்டறீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டுப் பார்த்தாள். ஊழியர்கள் வாய்வார்த்தையாகப் புகார் சொல்லக் கூடாது, எல்லாரையும் போலப் போனில்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் அவள் தினமும் பத்து மணிக்குப் போன் செய்து, கணவன் போட்ட மெட்டைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அவசரக் கூட்டம் கூடியது. கணினிப் பிரிவுக்காரர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய பதிப்புக்கே திரும்பிப் போயிடலாமே?" என்றார் டிங்டாங்.

"போக முடியாது. வந்த வழியை அடைச்சிட்டாங்க."

"அந்தச் செயலியைச் செஞ்சவரைப் பிடிக்க முடியாதா?" என்றார் அதிகாரி.

"பிடிச்சேன் சார். அவர் இப்போ கலர் மீன் வளர்க்கறார். பழசைப் பத்திப் பேசினா போனை வெச்சிடறார்."

"வேற மெட்டு?"

"போடலாம் சார். மேலிடத்து அனுமதி வேணும்."

"அதுக்குத்தான் காலையில மேலிடத்துக்குப் போன் போட்டேன். ஹோல்டுல போட்டுட்டாங்க."

"அங்கே என்ன சார் இசை?" என்று ஆவலாகக் கேட்டார் டிங்டாங்.

"நம்ம இசைதான். இங்கேயிருந்துதான் லைன் போகுதாம். ஒண்ணும் கேக்கலை."

அதிகாரியின் கைக்கடிகாரம் அவரை மூச்சிழுக்கச் சொன்னது. இழுத்தார். பார்வை டிங்டாங் மேல் வந்து நின்றது.

"மெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கில்ல?"

பதினொன்றரைக்கு உத்தரவு தயாராகிவிட்டது. அன்று முதல் டிங்டாங், 'காத்திருப்பு இசை, உயிருள்ளது' என்ற பதவியில், அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ரிசீவரில் பாட வேண்டும்.

"ஒரு தடவை பாடிப் பதிவு செஞ்சுக்கலாமே சார்" என்று மன்றாடினார்.

"பதிவு ஒரு கருவியில இருக்கும். கருவியை அப்டேட் பண்ணணும். பண்ணினா மறுபடி இதே கதை. உங்களை யாரும் அப்டேட் பண்ண முடியாது பாருங்க, அதுதான் பாதுகாப்பு."

அன்று மாலை மனைவி அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"மத்தியானம் மறுபடி போன் பண்ணா நீங்க பாடறீங்க."

"பதவி உயர்வு மாதிரி."

"முக்கால் மணி நேரம் கேட்டேன். கடைசியில இருமினீங்க. கட்டாயிடுச்சு."

"அப்போ நீயாவது என் குரலைக் கேட்டே. நீ பேசறது எனக்குக் கேக்காது. நான் பாட்டு மட்டும்தான்."

வெறும் டிங்டாங்கை நாள் முழுக்கப் பாட எந்தத் தொண்டையாலும் ஆகாது. அந்த வாரமே வார்த்தைகள் நுழைந்துவிட்டன. பத்து மணிக்கு மனைவி லைனில் இருப்பாள் என்று தெரியுமாதலால், 'சாவி சன்னல் மேலே, வர லேட்டாகும் மாலை' என்று பாடினார். மறுநாள், 'வெள்ளைச் சட்டை அழுக்கு' என்றார். இடையில் வார்த்தை இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

ஊருக்கு அது பிடித்துவிட்டது. காத்திருப்பது நாகரிகமாயிற்று. இளவட்டங்கள் காதில் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போனார்கள். 'நீங்க எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?' என்று விருந்துகளில் விசாரித்துக்கொண்டார்கள். அரை மணிக்குக் குறைவாகச் சொன்னவரை யாரும் மதிக்கவில்லை.

அக்கா ஒருநாள் கை தவறி ஒரு அழைப்பை எடுத்துத் தொலைத்தாள்.

"வணக்கம், உங்க குறையைச் சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லை மேடம். நல்ல இடத்துல வந்து கெடுத்துட்டீங்க. சட்டை வெளுத்துச்சா இல்லையான்னு சொல்ற நேரம்."

புகார்கள் பூஜ்யத்துக்கு இறங்கின. குறையே இல்லாத அலுவலகம் என்று அதிகாரிக்குக் கேடயம் கிடைத்தது.

டிங்டாங் வீட்டுக் குழாயோ இன்னும் காற்றிலேயே இருந்தது. மனைவியின் தோள் வீங்கிவிட்டது. பார்த்துப் பொறுக்காமல் அவர் தன் வீட்டுக் கதவெண், தெரு, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்பது எல்லாவற்றையும் மெட்டில் போட்டுப் பாட ஆரம்பித்தார். அலுவலகத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. அலுவலகத்தில் இருப்பவர்கள் ஹோல்டில் இருப்பதில்லை.

அக்காவுக்கு ஜுரம் வந்ததுதான் அதிர்ஷ்டம். விடுப்புச் சொல்ல வீட்டிலிருந்து போன் செய்தவள் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். முழுப் பாட்டையும் கேட்டாள். மறுநாள் வந்து, பல மாதத்தில் முதல் புகாராக அதைப் பதிந்து, வால்வுக்காரரை அனுப்பிவிட்டு, அலமாரிப் பக்கம் வந்தாள்.

"அண்ணே, உங்க தெருவுக்கு இப்போ தண்ணி திறக்கறாங்க. பத்திலிருந்து பத்தரை வரை. வெள்ளோட்டம்தான். எவ்வளவு பிடிக்கறீங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுவாங்க."

மணி பத்து. மனைவி லைனில் இருப்பாள். தெருவே லைனில் இருக்கும். டிங்டாங் எழுந்து நின்று, உள்ளதையெல்லாம் திரட்டிப் பாடினார். தண்ணி வருது, குழாயைத் திற. போனை வை, குடத்தை எடு. கெஞ்சினார். குரல் உடைந்தது. அரை மணி நேரம் அதையே பாடினார்.

மாலை வீட்டுக்கு ஓடினார். குடங்கள் காலி.

"ஏங்க, இன்னிக்குப் பாட்டுல ஒரு உருக்கம் இருந்துச்சு" என்றாள் மனைவி. "எதிர் வீட்டு அண்ணி அழுதுட்டாங்க. தெருவே சேர்ந்து பாடினோம். முடிவு என்னன்னு கேக்கத்தான் யாருமே போனை வைக்கலை."

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, வெள்ளோட்டத்தின்போது ஒரு சொட்டும் பிடிக்காத காரணத்தால் அத்தெருவுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டு, இணைப்பு நிரந்தரமாக மூடப்பட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் தொலைபேசியில் தெரிவிக்கலாம் என்று உத்தரவில் இருந்தது. அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவரும் வைக்கவில்லை.