தொட்டிலில் நிறம் பார்க்கிறவர்

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற எந்த ஊரிலும் நிறம்பார்ப்பவர் ஒருவராவது இருப்பார். எந்த வீட்டில் பச்சைப்பிள்ளை பிறந்தாலும் இவருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். மருத்துவச்சி கை கழுவுமுன்னே கல்கண்டுப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். காற்றுப் படக்கூடாதென்று கதவையும் சன்னலையும் அடைத்து வைத்த அறைக்குள் நுழைவார். புகை பிடித்த சிமினி விளக்கைத் தாமே எடுத்துத் தொட்டிலுக்கு மேல் பிடித்து, பிள்ளையின் இமையை விரலால் விலக்கிப் பார்த்து, நாக்கால் ஒரு சப்புக் கொட்டுவார்.

"மஞ்சளாத் தெரியுதே."

அந்த விளக்கில் எதுதான் மஞ்சளாகத் தெரியாது? சுண்ணாம்புச் சுவர் கூடத் தெரியும். ஆனால் சுவரைப் பெற்றவள் யாரும் அங்கே படுத்திருக்கவில்லையே!

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு இந்தப் பதவியில் இருந்தவர் உபதேசியார் மனைவி பாக்கியவதி அம்மாள். மஞ்சள் என்று தீர்ப்புச் சொன்ன கையோடு மருந்தும் சொல்வார். தாய்ப்பாலை நிறுத்து, கழுதைப்பால் கொடு. சலவைத்துறைக் கழுதைகள் அவர் தலையைக் கண்டாலே குட்டியை இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விடும் என்று பேச்சு. கழுதைப்பால் குடித்த எதிர்வீட்டு முப்பிடாதியின் பிள்ளை கழிச்சலில் துவண்டு, எப்படியோ பிழைத்துக்கொண்டது. "நான் அன்னைக்கே பாத்துச் சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்?" என்று அதற்கும் நன்றி வாங்கிக்கொண்டார் அம்மாள்.

இப்படி இருக்கையில் ஏரலில் வாழ்க்கைப்பட்டிருந்த அம்மாளின் தங்கை கிரேஸ், தாயில்லாத பெண், பேறுகாலத்துக்கு அக்காள் வீட்டுக்கு வந்தாள். ஆண் பிள்ளை. மூன்றாம் நாள் பாக்கியவதி வழக்கம்போல் விளக்கைப் பிடித்தார். இமையை விலக்கினார். சப்புக் கொட்ட நாக்கு எழவில்லை.

"அக்கா, பிள்ள பாலுக்கு வாயத் தொறக்க மாட்டேங்கான். தூங்கிக்கிட்டே கெடக்கான். மேலு மஞ்சளா இருக்கே."

"வெளக்கு வெளிச்சத்துல அப்படித்தான்ட்டி தெரியும். நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பொன்னு மேனி."

"முப்பிடாதி பிள்ளைக்கும் இதே வெளக்குலதான பாத்திய?"

கிரேஸ் பைய எழுந்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு நேரே முற்றத்து வெயிலுக்குப் போனாள். நெற்றி மஞ்சள், நெஞ்சு மஞ்சள், வயிறும் மஞ்சள்.

"இப்பச் சொல்லுங்கக்கா. இது எந்த வெளக்கு?"

பாக்கியவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதல் பார்வையிலேயே தெரிந்திருந்தது. வாயால் சொன்னால் உண்மையாகிவிடுமே என்ற பயம். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கிருந்த டாக்டரம்மாள் பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். வெளிக்கு என்ன நிறத்தில் போகிறான் என்று கேட்டார். வெளுத்துப் போனால் ஈரலில் கோளாறு என்றார். மஞ்சளாகத்தான் போகிறான் என்றதும் முகம் தெளிந்து, பாலை நிறுத்தாதே, எழுப்பி எழுப்பிக் கொடு, இருட்டில் போட்டு அடைக்காதே, தினமும் கொண்டுவந்து காட்டு என்றார். பாக்கியவதி "கழுதை" என்று ஆரம்பித்தவர், டாக்டரம்மாள் நிமிர்ந்து பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார். தெரு சரித்திரத்தில் அது முதல் தடவை.

கிரேஸ் எழுப்பி எழுப்பிப் பால் கொடுத்தாள். பிள்ளை கண் திறந்தான், வீறிட்டு அழுதான், மஞ்சள் மெல்ல வடிந்தது. அக்காள் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினார். இனி எந்தத் தொட்டிலிலும் வாய் திறப்பதில்லை என்று பொருத்தனையும் பண்ணினார்.

அடுத்த வாரம் அதே தெருவில் இசக்கித்தாய்க்குப் பெண் பிள்ளை. கல்கண்டுப் பொட்டலத்தோடு போன பாக்கியவதி, முதல் வேலையாகச் சன்னலைத் திறந்தார். நல்ல வெயில். பிள்ளை செக்கச் சிவந்து கிடந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"வெயில்ல எல்லாப் பிள்ளையும் செவப்பாத்தான் தெரியும். சன்னலச் சாத்திட்டு அந்த வெளக்க எடுட்டி."

சிரிக்கிறீர்களாக்கும். போன மாதம் மைத்துனி பிள்ளையைப் பார்க்கப் போனீர்களே, தொட்டிலில் குனிந்ததும் முதலில் என்ன சொன்னீர்கள்? அது போகட்டும். அதே நிறத்தை உங்கள் வீட்டுத் தொட்டிலில் கண்டபோது, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?