இப்போது திறக்காதீர்கள்

மனிதர்களில் ஒயின் குடிக்கிறவர்கள் உண்டு, குடிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத இன்னொரு வகை இருக்கிறது. ஒயினைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, அதை யாரும் குடித்துவிடாமல் காவல் காக்கிற வகை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துவது தொழில். புட்டியில் ஒட்டிய காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பது பொழுதுபோக்கு. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'லேபிள்'. பாராட்டுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணமா, புதுவீடா, பதவி உயர்வா, லேபிள் புட்டியோடு வந்து நிற்பார். குழந்தை பிறந்தால் பிறந்த வருடத்துப் புட்டி. அதற்கு ஓட்டுப்போடும் வயது வரும்போது திறக்க வேண்டுமாம். அதுவரை எங்கே வைப்பது? இருட்டில், படுக்கை வசத்தில், ஆட்டாமல், அசைக்காமல், வெயில் படாமல், வாஷிங்மெஷின் அதிர்வு எட்டாமல். பெற்றவர்கள் குழந்தையையே அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து நலம் விசாரிப்பார். புட்டியைத்தான்.

அவர் குடிப்பாரா? சேச்சே! டீயோடு சரி.

மாமனாருக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. கப்பலில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மருமகனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக லேபிள் மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார்.

கடைசியாக ஒரு கடைக்காரர் புட்டியை நீட்டினார். "போர்ட் ஒயின் சார். பிராந்தி கலந்தது, இனிப்பா இருக்கும். பீப்பாயிலயே பக்குவமானது. பெரியவர் இன்னைக்கே திறந்து குடிக்கலாம்."

இன்றைக்கே குடிக்கலாமாம்! லேபிளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "விண்டேஜ் போர்ட் இல்லையா? ஒரே வருஷத்துத் திராட்சையில செஞ்சு, புட்டியில வெச்சுப் பழசாக்கறது?"

"இருக்கு சார். ஆனா அது குடிக்கிற பதத்துக்கு வர இன்னும் இருபது வருஷம் ஆகுமே."

"அதைக் குடுங்க."

பிறந்தநாளன்று கூடத்தில் உறவு முழுக்க உட்கார்ந்திருக்க, லேபிள் புட்டி இருந்த மரப்பெட்டியை மாமனார் மடியில் வைத்தார். பெரியவர் புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"போர்ட்டா! கப்பல்ல இது கேப்டன் மேசைக்குத்தான் போகும். எங்களுக்கெல்லாம் வாசனையோட சரி. மாப்ள, ரெண்டு கிளாஸ் எடுத்துட்டு வாங்க. வந்து இப்படி என் பக்கத்துல உக்காருங்க."

இருபத்திரண்டு வருடமாக ஏங்கிய வார்த்தை வந்தேவிட்டது. நம் ஆள் என்ன செய்தார்? பாய்ந்து போய்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ மாமா, இப்பத் திறக்கக்கூடாது! இன்னும் இருபது வருஷம் போகணும்."

பெரியவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "நூறு வயசுல."

"ஆமா மாமா. அப்பதான் பிரமாதமா இருக்கும்."

"யாரு, நானா?"

யாரும் சிரிக்கவில்லை. லேபிளின் மனைவி தரையைப் பார்த்தாள். பெரியவர் புட்டியைப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடினார். "நீங்களே கொண்டுபோய்ப் பத்திரமா வெச்சுக்குங்க மாப்ள. எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது." பிறகு டீ கேட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். புட்டி சௌக்கியமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை லேபிள் அதன் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார். வெப்பநிலை பார்ப்பதற்கு என்று மனைவியிடம் சொல்கிறார்.

நல்லவேளை, நீங்கள் ஒயின் பக்கமே போவதில்லை. ஆனாலும் உங்கள் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். நல்ல நாள் வரட்டும் என்று உறை பிரிக்காமல் எதையாவது வைத்திருக்கிறீர்களா? யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிரிப்பதாக இருந்தீர்கள்? அவருக்கு இப்போது என்ன வயது?