தைத்துத் தருகிறேன் லா

உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அது எந்த நொடியில் கெட்டது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர், சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் சீசன் ஒன் அக்காதான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் இருந்ததை ரவிக்கை மாடல் படங்கள் மறைத்துவிட்டன. தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்காக ஓடிய ஒரு குடும்பத் தொடரில் முதல் சீசன் மட்டும்தான் அவருக்குத் தொடர். மற்றதெல்லாம் வெட்டிப் போட்ட துணி.

"முதல் சீசன் அளவெடுத்துத் தைச்சது தம்பி. இப்ப வர்றது ரெடிமேட். யாருக்கும் பொருந்தாது."

முதல் சீசனில் அந்தக் குடும்பம் புக்கிட் பாத்தோக்கில், லிஃப்ட் நிற்காத ஒரு மாடியில் இருந்தது. மாமியாரும் மருமகளும் அரிசி மூட்டையோடு படியேறி முடிப்பதற்குள் ஒரு சண்டை தொடங்கி, உச்சத்துக்குப் போய், சமாதானமும் ஆகிவிடும். மூன்றாம் சீசனில் பொங்கோலில் தண்ணீர் தெரியும் வீட்டுக்குப் போனார்கள். ஐந்தாம் சீசனில் நீச்சல்குளம் வைத்த தனியார் கொண்டோ வீடு.

"லிஃப்ட் வந்துச்சு, கதை இறங்கிடுச்சு" என்பார் அக்கா.

பக்கத்து மெஷினில் பேண்ட் மடித்துத் தைக்கும் அவர் கணவர் எதிர்க்கட்சி.

"ஸ்விம்மிங் பூல் நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க நீந்தப் போறீங்களா? கதையைப் பாருங்க!"

எல்லாவற்றையும்விட அக்காவை வதைத்தது ஒரே ஒரு எழுத்து, சிங்கப்பூர்ப் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'லா'. முதல் சீசனில் மருமகள் "போதும் லா அத்தை!" என்று கத்துவாள். பிறகு யாரோ அவளுக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். "போதும், நிறுத்துங்கள்" என்றாள்.

"பேசுறது மருமகளா, இல்ல எம்ஆர்டி ரயில் அறிவிப்பான்னே தெரியல!"

ஒருமுறை, என் இடுப்பில் அவர் டேப் சுற்றியிருந்த நேரத்தில், "நாலாவது சீசன் பரவாயில்லையே அக்கா" என்று சொல்லிவிட்டேன். டேப் இறுகியது. அந்த அளவில் தைத்த பேண்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. கணவரிடம் முறையிட்டேன். "அளவு அவ எடுத்தது" என்று கையை விரித்தார்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. கடைசி சீசனின் படப்பிடிப்பு தேக்காவில், அதுவும் அக்காவின் கடையில்! மருமகள் ஒரு கல்யாணத்துக்காக ரவிக்கை தைக்கக் கொடுக்கும் காட்சி. தையல்காரராக அக்காவே நடிக்க வேண்டும். ஒரே வசனம்: "வெள்ளிக்கிழமைக்குள் தைத்துத் தருகிறேன்."

நான் வாசலில் நின்று பார்த்தேன். டைரக்டர் கையசைத்தார்.

"வெள்ளிக்கிழமை ரெடி லா!"

"அக்கா, லா வேணாம். எழுதினதை அப்படியே சொல்லுங்க."

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்... தைத்துத் தருகிறேன்..." கடை முழுக்க நிம்மதி பரவியது. "...லா."

திரும்பவும் எடுத்தார்கள். திரும்பவும் லா. வேண்டுமென்றே செய்யவில்லை, வாய் தானாகப் போய் அங்கே முடிந்தது. கடைசியில் மருமகளாக நடித்த பெண்ணே சிரிப்பை அடக்க முடியாமல், "சரி லா அக்கா!" என்று கேமரா முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

டைரக்டர் தலையில் கைவைத்தார். "விடுங்க. எடிட்டிங்ல வெட்டிக்கலாம்."

ஒளிபரப்பாகும்வரை அக்காவுக்கு வேலை ஓடவில்லை. "நானும் வெட்டுறவதான் தம்பி. தப்பான இடத்துல வெட்டினா ரவிக்கையே போயிடும், தெரியுமா? ஒரே ஒரு லா. அதை விட்டு வெச்சா என்ன?"

ஒளிபரப்பு நாளன்று மாலை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கணவரின் போன் தையல் மெஷின்மேல் சாய்ந்து நின்றது. காட்சி வந்தது. திரையில் அக்கா! யாரோ விசிலடித்தார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள் தைத்துத் தருகிறேன்."

அவ்வளவுதான். லா இல்லை. பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்கள். நாங்கள் யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கணவர் மட்டும் மெதுவாகக் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார்.

அப்போது போனிலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

"சரி லா அக்கா!"

அக்கா எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. "கேட்டீங்களா! கேட்டீங்களா! சீசன் ஒன் லா! வீட்டுக்கு வந்துட்டா லா அவ!" ஊசிப் பெட்டி சிதறியது. அதைப் பொறுக்கக்கூட விடாமல் அந்த ஓர் இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஸ்விம்மிங் பூல் கட்சிக்காரர்தான் எங்கள் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினார்.

தொடர் முடிந்துவிட்டது. அக்கா முதல் சீசனின் கதையை முதல் காட்சியிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கியிருக்கிறார். என் உயரத்துக்குச் சரியான பேண்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நான் நீளமானதாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன், மடித்துத் தைக்க அக்கா கடைக்குப் போக வேண்டுமே.