நத்தைக்கு வழிவிட்ட கரடி

ஒரு காட்டில், மூன்று சிக்னலும் முப்பது ஷேர் ஆட்டோவும் இருந்த ஒரு காட்டில், வேலப்பன் என்றொரு கரடி ஆட்டோ ஓட்டிப் பிழைத்து வந்தது. காதில் போன், ஒற்றைக் கையில் ஹேண்டில்பார், சிவப்பு விளக்கு விழுந்தால் இன்னும் கொஞ்சம் வேகம். காட்டில் எல்லோருமே அப்படித்தான் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அது நீதிபதி யானையின் காரை உரசிவிட்டது. அன்றைக்குத்தான் காட்டில் சட்டம் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

ஓராண்டுக்கு லைசன்ஸ் ரத்து. அதற்குள் வண்டியைத் தொட்டால் மூன்று மாதம் ஜெயில், ஆட்டோ பறிமுதல், தடையும் முதலிலிருந்து ஆரம்பம்.

ஆட்டோ நின்றால் அடுப்பும் நின்றுவிடும். வீட்டில் இரண்டு குட்டிகள் வேறு. கரடி மறுநாளே வண்டியை எடுத்தது.

"ஏங்க, மாட்டிக்காம ஓட்டுங்க," என்றது மனைவி அஞ்சுகம்.

அந்தப் பயத்தில் கரடி ஆளே மாறிப்போனது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது. மூன்று பேருக்கு மேல் ஏற்றவில்லை. சிவப்பு விழுந்தால் கோட்டுக்கு இரண்டடி முன்பே நின்றது. பின்னால் வந்த குரங்குகள் ஹாரன் அடித்து, வாய்க்கு வந்தபடி ஏசின. பதினோரு மாதத்துக்கு மேல் ஓடியும் வண்டியில் ஒரு கீறல் இல்லை. அஞ்சுகம் காலண்டரில் தினமும் தாளைக் கிழித்தது. இன்னும் ஒன்பதே நாள்.

அன்று சந்தை முனையில் ஒரு நத்தை சாலையில் இறங்கியது. கரடி ஆட்டோவை நிறுத்தியது.

"நீ போ தம்பி, எனக்கு நேரமாகும்."

"பரவாயில்லக்கா, பார்த்துப் போங்க."

அரை மணி நேரமானது. நத்தை நடுச்சாலைக்கு வந்திருந்தது. பின்னால் வண்டிகள் அருவி வரைக்கும் நின்றன. நரி ஏட்டு லத்தியைத் தட்டிக்கொண்டே வந்தது.

"என்னய்யா, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க ஏட்டய்யா. அக்கா ரோட்டைத் தாண்டுறாங்க."

நரி நத்தையைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது. இருபது வருட சர்வீஸில் அது இப்படியொரு டிரைவரைக் கண்டதில்லை.

"லைசன்ஸ் வச்சிருக்கிறவன் எவனாவது இப்படி நிப்பானா? லைசன்ஸை எடு, பார்க்கலாம்."

கரடி வெறுங்கையை விரித்தது. ஒன்பது நாள்.

கோர்ட்டில் யானை கேட்டது: "தடை போட்ட பிறகு எத்தனை விபத்து?"

"ஒண்ணுகூட இல்லீங்கய்யா."

"குற்றத்தை மறைக்க எவ்வளவு கவனம் பாருங்கள்," என்று யானை வருத்தப்பட்டது. "திட்டமிட்ட செயல்." மூன்று மாதம், ஆட்டோ, இன்னுமோர் ஆண்டு தடை. எதிலும் குறைவில்லை.

கரடியை ஜெயில் வேனில் ஏற்றினார்கள். வேனை ஓட்டியது ஓநாய். காதில் போன், ஒற்றைக் கையில் ஸ்டியரிங். முதல் சிக்னலில் சிவப்பு; வேன் இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தது. சந்தை முனையில் அதே நத்தை கூடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நத்தையக்கா! நிறுத்துங்க!" என்று கரடி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

"லைசன்ஸ் இல்லாதவன் எனக்கு ஓட்டக் கத்துத் தராதே," என்றது ஓநாய்.

வேன் போய்விட்டது. நத்தைக்கு உயிர் மிஞ்சியது, ஓடுதான் விரிசல் விட்டுவிட்டது. முனையில் நின்றிருந்த நரி ஏட்டு விறைப்பாக நிமிர்ந்து வேனுக்கு சல்யூட் அடித்தது.

நீதி: லைசன்ஸ் உள்ளவர்களைப் போல ஓட்டத் தெரியாதவர்கள், லைசன்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது.