மூதூர் லோஞ்சும் சலாம் காக்காவும்

படைப்பில் உள்ள அத்தனை உயிருக்கும் தனித்தனியே சலாம் சொன்ன ஒரே மனிதர் எங்கள் சலாம் காக்காதான். எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் காக்கா என்றால் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ தெரியாது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்சை, பயணிகள் மோட்டார் படகை, ஓட்டினார். அதில் தினமும் மூதூர் அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போன அப்பாவிக் கிளாக்கர் நான்.

காக்காவின் சட்டம் ஒன்றுதான். கடலில் எது குறுக்கே வந்தாலும் எஞ்சினை நிற்பாட்டுவார். எழும்பி நின்று சலாம் வைப்பார். அது போன பிறகுதான் லோஞ்ச் அசையும். டொல்பின் என்றால் பரவாயில்லை, துள்ளிக்கொண்டு போய்விடும். ஆமைதான் சனியன். மிதந்தபடியே நித்திரை கொள்ளும்.

“காக்கா, ஹோர்னை அடியுங்கோவன்!”

“நித்திரையில கிடக்கிறவர எழுப்பிறது பாவம், மகன்.”

நான் பிந்திப் பிந்திப் போனதில் மேலதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னொருக்காப் பிந்தினீர் எண்டால் வவுனியாவுக்கு மாற்றம்” என்றார். திருகோணமலைப் பாலையூற்று வீட்டில் என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அன்று முதல், ஒன்றும் வந்து தொலைக்கக் கூடாது என்று கடலைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கினேன். நான் திருந்திவிட்டதாக நினைத்துக் காக்கா சந்தோஷப்பட்டார்.

அடுத்த கிழமையே வந்தது. குடாவின் நடுவில் தண்ணீரைப் பிளந்துகொண்டு, லோஞ்சைவிடப் பெரிய திமிங்கிலம். பக்கத்தில் அதன் குட்டி. எஞ்சின் நின்றது.

“ஐயோ காக்கா, என்னை மாத்திப்போடுவாங்கள்! எடுங்கோ லோஞ்சை!”

“தாயும் புள்ளயும் போகுது. ஒங்கட கந்தோர் எங்கயும் ஓடாது. சும்மா இரிங்க.”

தாய் ஒரு மூச்சு விட்டது. எங்கள் தலையெல்லாம் அழுகல் மீன் நாற்றத்தோடு மழை. கடவுள் இல்லை என்று தேத்தண்ணிக் கடையில் மணிக்கணக்காகக் கதைக்கிற எனக்கு, இந்த முறை காரியத்துக்காக இல்லாமல் கை இரண்டும் தானாகக் குவிந்தன. என்ன வெட்கக்கேடு! மேலதிகாரியும் வவுனியாவும் மறந்தே போயின. வாயைப் பிளந்தபடி நின்றேன்.

கந்தோரில் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“போன தரம் ஆமை. இப்ப திமிங்கிலமோ? நல்லாயிருக்குது உம்மட கதை!” என்றார் மேலதிகாரி. மத்தியானமே மாற்றக் கடிதம் கைக்கு வந்தது.

கடைசி நாள் பின்னேரம் வீடு திரும்பும் லோஞ்சில் காக்காவுக்கு முதுகைக் காட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். குடாவின் நடுவில் எஞ்சின் நின்றது. சுற்றிவரப் பார்த்தேன். ஒரு மீன்கூட இல்லை.

“இப்ப என்ன வந்தது, காக்கா?”

“ஒண்டும் வரல்ல, மகன். நீங்க போறீங்க.”

எழும்பி நின்று எனக்குச் சலாம் வைத்தார். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன்.